‘இல்லை’ என்று திருத்தியவர்கள்

அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கல்லூரியில் கடைசி வரிசைக்காரர்களும் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மேடம் சத்தம் போடுகிறார் என்றால் பயமில்லை. பேச்சு தணிந்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தால் யாரோ தொலைந்தார்கள். ஆள் குள்ளம், ஒல்லி. வைத்த பெயர் கடுகு. அது அவளுக்கும் தெரியும். “கடுகு சும்மாதான் கிடக்குது. சூடு பண்றவன ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல, வெடிச்சதத்தான் சொல்றீங்க” என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை கேட்டாள். எல்லாரும் விடைத்தாள்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள்.

அவள் இயற்பியல் விரிவுரையாளர். குவாண்டம் பாடம் அவளுடையது. வேறு யாரும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளாததால் வருடா வருடம் அவளிடமே தங்கிவிட்ட பாடம்.

கோபம் பாடத்தில் தொடங்கவில்லை. அது ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அவளுடைய அப்பா பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வண்டி உண்டா இல்லையா என்று கேட்பவர்களுக்கு நாள் முழுவதும் பதில் சொல்கிற வேலை. உண்டு, இல்லை என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு பதில் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவள் முதுகலை முடித்த வருடம், ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒரு பேராசிரியர் வீட்டுக்குப் பேசினார். இடம் இருக்கிறது, பெண் வருகிறாளா என்று கேட்டார். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த சமயம். அவள் கையில் அம்மாவின் கஞ்சிக் கிண்ணம்.

“என்னம்மா சொல்றே? லைன்ல இருக்காரு” என்றார் அப்பா.

“இப்போ சொல்ல முடியாதுப்பா. ஒரு வாரம் டைம் கேளுங்க.”

அப்பா வாயை ரிசீவருக்கு அருகே கொண்டுபோய், “இல்லைங்க” என்றார். வைத்துவிட்டார்.

“ஏம்ப்பா இல்லைன்னீங்க?”

“நீதானே சொன்னே.”

“சொல்ல முடியாதுன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

மறுநாள் அவள் தெருக்கோடிக் கடையிலிருந்து அந்தப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. “நீங்க வரலன்னு உங்க அப்பா சொன்னாரேம்மா” என்றார் அவர், வருத்தமாகத்தான். அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபம் ஒருநாள் தீர்ந்திருக்கும்.

கல்யாணமும் அதே மாதிரி. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் பேசாமல் இருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது நல்லபடியாக அமைந்தது அவளுடைய அதிர்ஷ்டமே தவிர அவர்களுடைய சாமர்த்தியம் இல்லை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நடந்தால் சத்தம் வராத மனிதர், கடன் சொல்லிப் போகிறவர்களையும் கும்பிட்டு அனுப்புவார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். அவள் கல்லூரியில் சேர்ந்து, தூசியும் சோடியம் விளக்கின் மஞ்சளும் நிரம்பிய சோதனைச்சாலையில் தலை நரைத்தாள்.

துறையில் மூன்று பேர், மூன்று கட்சி.

விஷயம் இதுதான். எலக்ட்ரானை அளந்தால் அது ஓர் இடத்தில் அகப்படுகிறது. எந்த இடத்தில் அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு இதுவரை பொய்த்ததில்லை. ஆனால் அளப்பதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று கேட்டால் ஊர் இரண்டுபடும். ‘எங்கேயும் இல்லை, அளப்பதற்கு முன் இடம் என்ற ஒன்றே கிடையாது, அந்தக் கேள்வியே தப்பு’ என்பது துறைத்தலைவரின் கட்சி. அவர் எதைப் பேசினாலும் கடைசியில் உள்ளங்கையால் மேஜையைத் தட்டி “முடிஞ்சது” என்பார். அதனால் அவருக்கு முடிஞ்சது சார் என்றே பெயர். இளைய விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். அளக்கும் ஒவ்வொரு முறையும் உலகம் கிளை கிளையாகப் பிரிகிறது, எலக்ட்ரான் எல்லா இடத்திலும் அகப்படுகிறது, நாம் ஒரு கிளையில் நின்றுகொண்டு ஒன்றை மட்டும் காண்கிறோம் என்பார். அவருக்குக் கிளை மேனேஜர் என்று பெயர். அவள் மூன்றாவது கட்சி. எலக்ட்ரானுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, ஓர் அலை அதை ஓட்டிச் செல்கிறது, நமக்குத்தான் அந்த இடம் தெரிவதில்லை என்று நம்பினாள். மூன்று பேரும் ஒரே கணக்கைப் போட்டார்கள், ஒரே விடையை எழுதினார்கள். யார் சொல்வது சரி என்று சோதனை வைத்துத் தீர்க்க வழி இல்லை. அதனாலேயே சண்டை மதிய உணவு நேரம் முழுவதும் நடக்கும்.

பல்கலைக்கழகம் தமிழில் பாடநூல் போட முடிவு செய்தபோது அந்த அத்தியாயம் அவளுக்கு வந்தது. ஒரு கோடை விடுமுறை முழுவதும் எழுதினாள். தன் நம்பிக்கையைப் பாடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டாள். ஒரு வாக்கியத்துக்காக மட்டும் பல நாள் உட்கார்ந்தாள். ‘அளந்து பார்க்கும் முன் எலக்ட்ரானுக்கு இடம் உண்டா என்று சொல்ல முடியாது.’ அதற்குக் கீழே ஒவ்வொரு கட்சிக்கும் அரைப் பக்கம். தன் கட்சிக்கு ஒரு வரி குறைவாகவே வைத்தாள்.

புத்தகம் வந்தது. அட்டை வழவழப்பு. அவள் பெயர் முதல் பக்கத்தில் பிழையில்லாமல் இருந்தது. அத்தியாயத்தைத் திறந்தாள். ‘பார்க்கும் முன் எலக்ட்ரானுக்கு இடம் இல்லை.’ அவ்வளவுதான். கட்சிகளைப் பற்றிய பகுதியே காணோம்.

அவள் புத்தகத்தோடு துறைத்தலைவர் அறைக்குப் போனாள். அவர்தான் பதிப்பாசிரியர். மொழி திருத்தியவரும் அங்கே இருந்தார். ஓய்வுபெற்ற மொழியாசிரியர். எதைக் கொடுத்தாலும் பாதியாக்கித் திருப்பித் தருவதால் கத்தரி என்பார்கள்.

“இத யாரு மாத்தினது?”

“எதம்மா?” என்றார் தலைவர்.

அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

கத்தரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். “நல்லாத்தானே இருக்கு? அளந்து பாக்கறதும் பாக்கறதுதானே? எதுக்கு ரெண்டு வெனை? ஒண்ணு போதும்னு எடுத்தேன்.”

“உப்புச் சரியா இருக்கான்னு ருசிச்சுப் பாக்கறோம். கண்ணாலயா பாக்கறோம்? மோந்து பாக்கறோம், தூக்கிப் பாக்கறோம், கேட்டுப் பாக்கறோம். அந்தப் ‘பாரு’ல கண்ணே கிடையாது சார். நீங்க ‘அளந்து’ங்கறத வெட்டினீங்க, கண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. இனிமே எலக்ட்ரான் யாராவது மொறைச்சுப் பாத்தாத்தான் இருக்கும்னு பசங்க படிப்பாங்க.”

“படிக்கறவனுக்கு அது புரியாதாம்மா?”

“திருத்தறவருக்கே புரியலையே.”

கத்தரி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். தலைவர் சிரித்தார். பெரிய மனிதர்கள் பெண்களின் கோபத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் சிரிப்பு அது.

“சரி, அத விடுங்க. ‘சொல்ல முடியாது’ங்கறத ‘இல்லை’ன்னு போட்டது நான்தான். பாடப்புத்தகத்துல போயி சொல்ல முடியாதுன்னு எழுதினா எப்படிம்மா? வாத்தியாருக்கே தெரியலன்னு நெனப்பான். ரெண்டும் ஒண்ணுதானே?”

அவள் குரல் இறங்கியது. “ஒண்ணு இல்ல சார்.”

“இல்லன்னா இல்ல, அவ்வளவுதான். பக்கமும் மிச்சம். முடிஞ்சது.”

“என் பேரு போட்டிருக்கீங்க. நான் எழுதாதத எழுதியிருக்கீங்க. உங்க கட்சிய என் வாயில வெச்சுச் சொல்லியிருக்கீங்க.”

“கட்சி கட்சிங்காதீங்க. உலகம் பூரா எழுதற மாதிரிதான் நானும் எழுதியிருக்கேன். இன்னொண்ணு சொல்லட்டுமா? ‘சொல்ல முடியாது’ன்னு நீங்க எழுதினதும் ஒரு கட்சிதான். நடுவுல நிக்கறதா நெனச்சுக்கறீங்க. நடுவுங்கறதும் ஒரு எடம்தாம்மா.”

அது உறைத்தது. உறைத்ததால் கோபம் இரண்டு மடங்கானது.

“திருத்துங்க.”

“அடுத்த பதிப்புல பாக்கலாம்.”

இந்தப் ‘பார்’-இலும் கண் கிடையாது. அடுத்த பதிப்பு என்ற ஒன்றும் கிடையாது.

கணவரிடம் இதைச் சொன்னாள். சொன்னது கடையில். கணவர் ஒரு கிழவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கனத்த சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “முதல்ல போட்டது தெளிவா, இதுவா?” என்று கேட்டார். கிழவர் சுவரிலிருந்த எழுத்துகளை வெகுநேரம் வெறித்துவிட்டு, “சொல்ல முடியலையே தம்பி” என்றார். கணவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு எண்ணை எழுதினார். கிழவர் போனதும் அவள் கேட்டாள்:

“அவருதான் சொல்ல முடியலன்னாரே, எப்படி எழுதினீங்க?”

“நாலு பேர் வெளிய உக்காந்திருக்காங்கம்மா. ரெண்டுல ஒண்ணப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். போட்டுப் பழகினா அதுவே சரியாயிடும்.”

“எல்லாரும் ஒரே பட்டறையில செஞ்ச ஆளுங்கதான்” என்றாள் அவள். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று அந்த மனிதர் இரவுச் சாப்பாட்டுக்குள் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார்.

அந்தப் பருவம் வகுப்பில் அந்தப் பக்கம் வந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். “மேடம், கண்ணு தெரியாதவங்க லேபுக்கு வந்தா எலக்ட்ரான் என்ன பண்ணும்?”

வகுப்பு சிரித்தது. “அதுவும் கண்ண மூடிக்கும்” என்றான் பின்னால் ஒருவன். அவளுக்கும் முதலில் அது வம்புக் கேள்வி என்றே தோன்றியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“எங்க அண்ணனுக்குப் பார்வை கிடையாது மேடம். நான் சத்தமா வாசிச்சிட்டிருந்தேன். அவன்தான் கேக்கச் சொன்னான். ‘அப்போ நான் மட்டும் இருந்தா ஒண்ணுமே நடக்காதா’ன்னான்.”

அவள் சுண்ணக்கட்டியை வைத்தாள். வகுப்பு அடங்கியது.

“உங்க அண்ணன் கிட்ட சொல்லு. லேபுல இருக்கற கருவிக்குக் கண்ணு கிடையாது. எலக்ட்ரான் வந்து விழுந்தா டிக்குனு ஒரு சத்தம் வரும். காதால கேட்டாலும் அளந்ததுதான். ஒருத்தருமே இல்லாம ரூமப் பூட்டிட்டுப் போனாலும் பதிவாகறது பதிவாகும். தப்பு உங்க அண்ணன் மேல இல்ல, என் மேலயும் இல்ல. புத்தகத்து மேல. எல்லாரும் பேனாவ எடுங்க.”

எல்லார் புத்தகத்திலும் அந்த வாக்கியத்தை அடிக்க வைத்தாள். மேலே தன் வாக்கியத்தை எழுத வைத்தாள். விடுபட்ட மூன்று கட்சிகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். தலைவரின் கட்சியைச் சொல்லும்போது வேண்டுமென்றே நன்றாகச் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி போய்விட்டது. நடைபாதையில் தலைவர் எதிர்ப்பட்டார். “பசங்கள புத்தகத்தக் கிறுக்கச் சொன்னீங்களாமே? பரீட்சையில என்ன எழுதுவாங்க?”

“சரியானத எழுதுவாங்க.”

“விடைக்குறிப்பு நான்தாம்மா போடறேன்” என்றார் அவர், நடந்துகொண்டே.

போட்டார். ஒரு மார்க் கேள்வி. ‘பார்க்கும் முன் எலக்ட்ரானுக்கு இடம் உண்டா?’ விடை: இல்லை.

விடைத்தாள் திருத்தும் முகாம் வேறொரு கல்லூரியின் கூடத்தில் நடந்தது. நீளமான மேஜைகள், மேலே கரகரவென்று சுழலும் மின்விசிறிகள், தாள் பறக்காமலிருக்கக் கூழாங்கற்கள், எல்லார் கையிலும் சிவப்புப் பேனா. பெயர் மறைத்த தாள்கள். எந்தக் கல்லூரி, யார் பிள்ளை என்று தெரியாது. அவள் கட்டைப் பிரித்தாள். ‘இல்லை’ என்று எழுதியவர்களுக்கு ஒரு மார்க் போட்டாள், அது ஒரு கட்சி. ‘உண்டு’ என்று எழுதியவர்களுக்கும் போட்டாள். ‘சொல்ல முடியாது’ என்று எழுதியிருந்த தாள்களுக்குப் போடும்போது பேனா கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

சரிபார்ப்பவர் கண்டுபிடித்து மேலே சொன்னார். முகாமுக்கும் பொறுப்பாளரான தலைவர் வந்து மேஜைக்கு எதிரே நின்றார்.

“விடைக்குறிப்புல என்ன போட்டிருக்கு?”

“இல்லைன்னு போட்டிருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. கேள்வி தப்பு, குறிப்பும் தப்பு. சொல்ல முடியாதுன்னு ஒரு பிள்ள எழுதினா அத இல்லைன்னு நான் வாசிக்க மாட்டேன். எனக்கு முன்னாடி வாசிச்சவங்க போதும்.”

“உங்களுக்கு முன்னாடி யாரு வாசிச்சது?” அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

“மார்க்க அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“மாட்டேன்.”

கூடத்தில் பேனாக்கள் நின்றன. அவள் எழுந்தாள். அந்தக் கூடத்தில் அவள் எழுந்து நிற்பதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இங்க இருக்கற அத்தன பேரும் இந்தப் பாடம் எடுக்கறவங்கதானே? நீங்களே சொல்லுங்க. அளக்கறதுக்கு முன்னாடி எடம் உண்டா?”

“இல்ல மேடம்” என்றார் ஒருவர். “உண்டு, ஏன் இல்ல?” என்றது ஒரு கட்டைக்குரல். கிளை மேனேஜர் பக்கத்து மேஜையிலிருந்து, “எல்லா எடத்துலயும் உண்டு, தனித்தனி கிளையில” என்றார். “உங்க கிளைக்கு மொதல்ல எனக்கு மாத்தல் வாங்கிக் கொடுங்க” என்று யாரோ கத்தினார். சிரிப்பு எழுந்தது, சிரிப்புக்குள்ளேயே சண்டை மூண்டது. ‘அலை ஓட்டுதுன்னா அலைய யாரு ஓட்டறா’ என்றார் ஒருவர். ‘உலகத்தையே ரெண்டாக்குவாராம், ஒரு மார்க்க ரெண்டாக்க மாட்டாராம்’ என்றார் இன்னொருவர். கூழாங்கல் ஒன்று உருண்டு விழ, தாள்கள் பறந்தன.

தலைவர் உள்ளங்கையால் மேஜையைத் தட்டினார். “இது என்ன பட்டிமன்றமா? எல்லாரும் உக்காருங்க. அந்தக் கேள்விக்கு நம்பர் போட்டு எதையாவது எழுதியிருந்தா ஒரு மார்க். உண்டு, இல்ல, என்ன வேணா எழுதியிருக்கட்டும். எல்லாருக்கும் ஒண்ணு. முடிஞ்சது.”

கூடம் கைதட்டியது. வேலை சுலபமாகிவிட்ட மகிழ்ச்சி. கிளை மேனேஜர் குனிந்து, “ஜெயிச்சிட்டீங்களே மேடம்!” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அடுத்த தாளைப் பிரித்தாள். அந்தக் கேள்விக்கு ஒருவன் ‘ஆமாம்’ என்று மட்டும் எழுதியிருந்தான். ஒரு மார்க். இன்னொருவன் கேள்வியையே திருப்பி எழுதியிருந்தான். ஒரு மார்க். ஒருத்தி ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்திருந்தாள். ஒரு மார்க். எது எழுதினாலும் ஒன்று என்றால் யாரும் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். இல்லை என்று திருத்தியிருந்தால்கூட யாரோ படித்திருப்பார்கள். இப்போது படிக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. பக்கத்து மேஜைகளில் அந்தக் கேள்விக்கான விடையை ஒருவரும் படிக்கவில்லை. எண்ணைத் தேடினார்கள், ஒன்று போட்டார்கள், புரட்டினார்கள்.

“இதுக்கு அவரு குறிப்பே தேவலாம்” என்றாள்.

“என்ன மேடம், இதுக்கும் கோவமா?” கிளை மேனேஜருக்கு நிஜமாகவே வருத்தம். “எல்லாருக்கும் நல்லதுதானே நடந்திருக்கு?”

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. சின்ன எழுத்து, நேரான வரிகள். ஒரு மார்க் கேள்விக்கு முழுப் பக்கம் எழுதியிருந்தது. ‘சொல்ல முடியாது’ என்று ஆரம்பித்திருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். ‘ஏனென்றால் இன்றுள்ள கருவிகள் போதாது. இன்னும் நுட்பமான கருவி செய்தால் எலக்ட்ரான் முன்பு எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடித்து யார் சொல்வது சரி என்று முடிவு செய்துவிடலாம்.’ தொடர்ந்து கருவியை எப்படிச் செய்யலாம் என்று யோசனைகள். படம்கூட இருந்தது.

அவள் சண்டை போட்ட அதே சொல். காரணம் முழுத் தப்பு.

சுருக்கென்று கோபம் வந்தது. அன்று வந்த மற்ற கோபங்களைப் போல் இல்லை இது. யாரோ ஒரு பிள்ளை எங்கேயோ ஒரு மேஜையில் குனிந்து உட்கார்ந்து, ஒரு மார்க்குக்கு ஒரு பக்கம் தப்பாக யோசித்திருக்கிறது. அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கே போனார்? ஒன்று என்று போட்டாள். அது உத்தரவு. பிறகு பேனாவை எடுத்து ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள்.

‘கருவியில் குறை இல்லை. எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் மூன்று கட்சியும் அதில் ஒரே எண்ணைத்தான் எதிர்பார்க்கும். நீ வரைந்திருக்கும் கருவியும் எலக்ட்ரானைத் தொட்டுத்தான் அளக்கும். தொட்ட பிறகு கிடைப்பது தொட்ட பிறகுள்ள இடம். அதற்கு முன்—’

ஓரம் போதவில்லை. அம்புக்குறி போட்டுக் கீழே கொண்டுபோனாள்.

கிளை மேனேஜர் எட்டிப் பார்த்தார். “மேடம், இது அந்தப் பிள்ளை கைக்குப் போகாது. கட்டி குடோன்ல போட்டுட்டு அப்புறம் கூழாக்கிடுவாங்க.”

“தெரியும்.”

“அப்புறம் யாருக்கு எழுதறீங்க?”

“தப்பா எழுதியிருக்கு.”

“அதான் ஒண்ணு போட்டாச்சே.”

“அதனாலதான் எழுதறேன்.”

பிள்ளை வரைந்த படத்தில் எந்த இடத்தில் தவறு தொடங்குகிறது என்று தேடினாள். இடது பக்கம் வரைந்திருந்த கண்ணாடிக்குப் பிறகு. அங்கே வட்டமிட்டாள். அலை அங்கே என்ன செய்யும் என்று ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டினாள். பக்கத்தில் தன் கட்சி இதை எப்படிச் சொல்லும் என்று எழுதினாள், பிறகு முடிஞ்சது சார் எப்படிச் சொல்வார் என்றும் எழுதினாள். பக்கத்தில் இருப்பவருடைய கட்சியைத் தப்பாக எழுதிவிடக் கூடாது என்று அவரையே கேட்டாள். கிளை மேனேஜர் தன் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று வரி சொன்னார். அவள் இரண்டாகச் சுருக்கினாள். “அது இல்ல மேடம், பிரியறதுங்கறத விட்டுட்டீங்க” என்றார் அவர். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சேர்த்தாள்.

கட்டு எடுக்க வந்த உதவியாளர் பின்னால் நின்றார். அவள் தாளைப் புரட்டினாள். பின்பக்கம் முழுவதும் வெற்றாக இருந்தது. எழுதப் போனால் சிவப்பு மை இழுத்து இழுத்து நின்றது. உதறினாள், வரவில்லை.

“வேற பேனா இருக்கா?” என்றாள்.